ஏழாம் தேதிப் பணம்

இரண்டாவது கார் வாங்கக் கடன் கேட்டுப் போன இடத்தில்தான் பிரேக் அக்கா அந்த எழுத்துகளை முதன்முதலாகப் பார்த்தாள். தானாகப் பார்க்கவில்லை, காட்டினார்கள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில்தான் பதினாறு வருஷமாக அவளுடைய பகல் பொழுது கழிகிறது. அந்த இருக்கையின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தங்கள் காலைவிட அந்தப் பிரேக்கை நம்பித்தான் சாவியைத் திருப்புவார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லி அவளைத் தேடுவது வங்கியும் மின்சார அலுவலகமும் மட்டும்தான்.

இருந்த ஒரே காருக்கு ஆட்கள் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு கார் வாங்கி, ஓட்டத் தெரிந்த ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டால் தொழில் நிமிர்ந்துவிடும் என்று அவள் போட்ட கணக்கு தப்பில்லை. கடன் அலுவலகத்தில் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் கேட்டார்கள். வங்கியில் அச்சடித்து வாங்கி, மூலை மடங்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

லோன்காரர் மஞ்சள் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பள்ளிக்கூட வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துவதைப் போல ஆங்காங்கே கோடு இழுத்தார். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"மேடம், இது யாரு?"

'ஆர்.கே.வி.எக்ஸ். டெக் சர்வீசஸ்' என்று இருந்தது. ஏழாம் தேதி. ஐந்நூறு. அதற்குக் கீழேயே இன்னொரு வரி. அதே பெயர், நாற்பத்தொன்பது.

"தெரியலையே சார்."

"மாசா மாசம் போகுது. ஆறு மாசமும் இருக்கு. வேற எங்கயாவது கடன் வாங்கிட்டுத் தவணை கட்டுறீங்களா?"

"கடன் எதுவும் இல்ல சார்."

"இல்லன்னா என்னன்னு எழுதிக் குடுங்க. இப்படிப் பேரு தெரியாத தவணை ஒண்ணு இருந்தா மேலிடத்துல நிறுத்தி வச்சிருவாங்க." லோன்காரர் கோபமாகச் சொல்லவில்லை. தினமும் பத்துப் பேரிடம் சொல்லும் வார்த்தை, அவ்வளவுதான்.

பிரேக் அக்கா தாள்களை வாங்கிக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். ஆறு ஐந்நூறு, ஆறு நாற்பத்தொன்பது. மூவாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. அது பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் மழையிலும் வெயிலிலும் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிச் சேர்த்த பணம் அது. யாரோ ஓட்டை போட்டு உறிஞ்சியிருக்கிறார்கள். போனை எடுத்து, இருக்கிற ஆப் ஒவ்வொன்றையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. இணையத்தில் தேடினாள். அதே மாதிரி நாலு எழுத்துக் கம்பெனிகள் நாற்பது வந்தன. ஒன்று குழாய் விற்றது. ஒன்று மாட்டுத் தீவனம்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணம் போகவும் மாட்டேன் என்றது.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் வீட்டுக்காரர், அவருடைய தம்பி. வீட்டுக்காரர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். போனில் எடுக்கவும் வைக்கவும் தெரியும், அதற்கு மேல் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். கொழுந்தன் அப்படி இல்லை. இருபத்தொன்பது வயது. வேலை பார்த்த கடையை மூடிவிட்டதால் ஏழு மாதத்துக்கு முன்னால் இரண்டு பைகளோடு வந்து முன்னறைச் சோபாவில் படுக்க ஆரம்பித்தவன். வந்த வாரத்திலேயே பிரேக் அக்காவின் பழைய போன் வாளித் தண்ணீரில் விழுந்தது. புதுப் போனை வாங்கி, பழையதைத் துடைத்து உயிர்ப்பித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் இதிலிருந்து அதற்கு மாற்றிக் கொடுத்தது அவன்தான். எண்கள், படங்கள், செய்திகள் எல்லாம். அவளுடைய ரகசிய எண்ணைக்கூட அவளே வாயால் சொன்னாள்.

அதோடு, அவன் போனில் பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கும் கோடுகளை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பங்குச் சந்தைக் கோடு என்று அவனே சொன்னான்.

ஏழு மாதமாக இருக்கிறான். ஆறு மாதமாகப் பணம் போகிறது. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதைப் போல அது அவள் மனதில் உட்கார்ந்துவிட்டது.

இரண்டு நாள் பொறுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தத் தாளைக் கொண்டுவந்து தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தம்பி, என் போன்ல பணம் போடுற ஆப் ஏதாவது வச்சியா?"

அவன் தாளைப் பார்த்தான். மஞ்சள் கோட்டைப் பார்த்தான். நிமிர்ந்து முதலில் அவளைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பிரேக் அக்கா குறித்துக்கொண்டாள். திருடன் முழிப்பான் என்பார்களே, அதுதான் என்று நினைத்தாள்.

"நான் எதுவும் வைக்கல அண்ணி."

"அப்ப இது என்ன? லோன்காரர் கேக்குறாரு."

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"உனக்குத் தெரியாதா? இந்தப் பச்சைக் கோடு சிவப்புக் கோடெல்லாம் பாக்குறியே."

"அது சும்மா பாக்குறது அண்ணி. போடறதுக்குக் கையில காசு எங்க இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். உன் கையில இல்லாத காசு எங்கிருந்து வந்துச்சுன்னு."

சொன்ன பிறகு அவளுக்கே அது கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. ஆனால் சிந்திய பாலை அள்ள முடியாது, பேசிய பேச்சையும் அப்படித்தான். வீட்டுக்காரர் தட்டில் இருந்த கண்ணை எடுக்கவே இல்லை. கம்பிரஸர் சத்தத்தை வைத்தே எது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனுஷன், சொந்தத் தம்பிக்காக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பிக்கு எதிராகவும் சொல்லவில்லை.

"ஏழு மாசமா நீ இங்க இருக்கே. ஆறு மாசமா பணம் போகுது" என்றாள் அவள். "எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"நான் எடுக்கல அண்ணி." அவ்வளவுதான் சொன்னான். மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை எட்டு மணிப் பயிற்சிக்கு அவள் கிளம்பும்போது அவன் சோபாவில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் வந்தபோது இரண்டு பைகளும் இல்லை. டயர் கடை மாடியில் சிநேகிதன் ஒருவனோடு தங்கிக்கொள்வதாக அண்ணனுக்கு மட்டும் போன் பண்ணியிருந்தான்.

"குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்" என்றாள் பிரேக் அக்கா. வீட்டுக்காரர் திருப்புளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். "உம்" என்றார். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

புதன்கிழமை பத்து மணிக்கு வருகிறவருக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் செகண்ட் கியர் சார். ஐம்பத்தாறு வயது. மனைவிதான் இத்தனை வருஷமும் வீட்டுக் காரை ஓட்டினாராம். கண்ணில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அந்த அம்மாவால் ஓட்ட முடியவில்லை. கார் நிழலில் நின்று தூசி பிடிக்கிறதே என்று சார் கற்றுக்கொள்ள வந்தார். பன்னிரண்டு வகுப்பு முடிந்தும் இரண்டாவது கியரைத் தாண்ட மனசு வரவில்லை. வண்டி மூன்றாவதுக்கு அழுதாலும் மாட்டார். வேலை ஒரு வங்கியில். கவுன்ட்டரில் இல்லை, பின்னால் ஒரு அறையில். எந்தப் பணம் எங்கிருந்து எங்கே போனது, நடுவில் எங்கே சிக்கியது என்று தேடுகிற பிரிவு. பிரேக் அக்காவின் கணக்கு இருந்ததும் அதே வங்கியில்தான்.

அன்றைக்கு மைதானத்தில் பின்னோக்கி எடுக்கும் பயிற்சி. சார் கிளட்சை மொத்தமாக விட்டுவிட்டார். வண்டி துள்ளிப் போய், நிறுத்தி வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மைச் சாய்த்தது. டிரம் உருண்டு வேலியில் போய் நின்றது.

"மேடம்" என்றார் சார், ஸ்டியரிங்கை விடாமல். "நீங்க பிரேக் போடல."

"கவனிக்கல சார். தப்பு என்னுதுதான்."

"இதுவரைக்கும் இப்படி ஆனதில்லையே. உடம்புக்கு எதாவதா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தவள், என்ன தோன்றியதோ, டேஷ்போர்டு அறையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. பணம் போவதை மட்டும் சொன்னாள்.

செகண்ட் கியர் சார் இன்ஜினை நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கிட்டத்தில் பிடித்தார். அதுவரை கிளட்சிலும் கியரிலும் தடுமாறியவர் அந்தத் தாளில் தடுமாறவில்லை.

"முதல்ல இந்தப் பேரை விட்டுடுங்க மேடம். கடை போர்டுல ஒரு பேரு இருக்கும், பில்லுல முதலாளி பேரு இருக்கும். அதே மாதிரிதான் இது. ஆப்புக்கு அழகா ஒரு பேரு வச்சிருப்பான். பணம் வாங்குற கம்பெனிக்கு இந்த மாதிரி வாயில நுழையாத பேரு. தேடினா கிடைக்காது."

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தொகையைப் பாருங்க. ரெண்டு வரி இருக்கு. ஒரே ஆள் ஒரே நாள்ல ஏன் ரெண்டு தடவை எடுக்கணும்? ஐந்நூறு முழுத் தொகை. நாற்பத்தொன்பது சில்லறை. இந்தச் சில்லறைதான் கட்டணம். ஆப்பை வச்சிருக்கறதுக்கு மாச வாடகைன்னு வச்சுக்கோங்க. ஐந்நூறு கட்டணம் இல்ல. அது எங்கயோ போய்ச் சேருது. எதையோ வாங்குது."

"யாருக்கு வாங்குது?"

"உங்க கணக்குல இருந்து போனா உங்க பேருக்குத்தான் வாங்க முடியும். அடுத்தவர் பேருக்கு வாங்க விடமாட்டாங்க. முதலீட்டு ஆப்புன்னா அதுல பேரும் கணக்கும் ஒத்துப்போகணும்."

பிரேக் அக்கா முன்கண்ணாடி வழியாக வேலியில் கிடந்த டிரம்மைப் பார்த்தாள். "என் பேருக்கு நானே போட்டுக்கிட்டேன்னு சொல்றீங்களா சார்?"

"அப்படிச் சொல்லல. முதல் வரியைப் பாக்காம நான் எதுவும் சொல்லமாட்டேன். இது எப்ப ஆரம்பிச்சது?"

"ஆறு மாசமா."

"நீங்க ஆறு மாசம்தானே மேடம் அச்சடிச்சிருக்கீங்க. முதல் பக்கத்துலயே இருக்கே. அதுக்கு முந்தின மாசம் இல்லைன்னு யாரு சொன்னா?"

அவள் எட்டி முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"பின்னாடி போய்ப் பாருங்க" என்றார் சார். "ஆரம்பத்துல ஒத்தை ரூபாயா ஒரு சின்னத் தொகை இருக்கும். ஒண்ணு, ரெண்டு. கணக்கு உயிரோட இருக்கான்னு தொட்டுப் பாக்கிறது. அந்தத் தேதிதான் முக்கியம். அப்புறம் கவுன்ட்டர்ல, என் கணக்குல தானா பணம் எடுக்கறதுக்கு என்னென்ன அனுமதி இருக்குன்னு கேளுங்க. பட்டியல் குடுப்பாங்க. குடுக்கணும்."

"நீங்களே பாத்துச் சொல்ல முடியாதா சார்? உங்க ஆபீஸ்தானே?"

"உங்க கணக்கை நான் காரணமில்லாமத் திறந்தா அன்னைக்கே என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க." சாவியைத் திருப்பினார். வண்டி இருமி நின்றது. கியரில் இருந்ததை மறந்துவிட்டார்.

வியாழக்கிழமை அவள் வங்கிக்குப் போனாள். டோக்கன் எண் எழுபத்தொன்று, ஓடிக்கொண்டிருந்தது முப்பத்தெட்டு. இரும்பு நாற்காலியில் ஒன்றரை மணி நேரம். கவுன்ட்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள், தலை நிமிராமலே அச்சடித்தாள். இரண்டு வருஷக் கணக்கு ஒரு கட்டு. அனுமதிப் பட்டியல் ஒரே தாள். பட்டியலில் மூன்று வரி: மின்சாரம், காப்பீடு, ஆர்.கே.வி.எக்ஸ்.

ஆர்.கே.வி.எக்ஸுக்கு அனுமதி கொடுத்த தேதி போன வருஷம். சரியாகச் சொன்னால் ஒரு வருஷமும் ஒன்பது நாளும் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று நாற்பது. அனுமதி கொடுத்த விதம் என்ற இடத்தில், வாடிக்கையாளரின் ரகசிய எண் என்று இருந்தது.

அவள் முதலில் செய்தது விரல் விட்டு எண்ணியதுதான். ஏழு மாதத்துக்கு முன்னால் வந்தவன் பன்னிரண்டு மாதத்துக்கு முன்னால் எப்படி வைப்பான்? எண்ணுவதற்கு விரலே தேவையில்லை. ஆனாலும் இரண்டு தடவை எண்ணினாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த நாள், எந்த மணி, யார், என்ன பயிற்சி என்று நோட்டில் எழுதி வைப்பாள். பழைய நோட்டுகளை டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தாள். வங்கி வாசலிலேயே டிக்கியைத் திறந்து, அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடினாள். 'பத்து முதல் ஒன்று வரை, லைசென்ஸ் டெஸ்ட், மூன்று பேர்' என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

அதைப் படித்ததும் எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. டெஸ்ட் மைதானத்தில் வெயில். அதிகாரி வர நேரமாகிவிட்டது. அந்த மூன்று பேரில் ஒரு பெண், புதிதாக ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தவள், போனைப் பார்த்துப் பார்த்து முகம் வாடிக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டதுதான். "இந்த மாசம் இருபது பேரைச் சேர்க்கணும் அக்கா. பத்தொன்பது ஆயிடுச்சு. ஒரே ஒரு ஆள் குறையுது" என்றாள். ஆப்பின் பெயர் சிட்டுக்கூடு. படத்தில் ஒரு குருவிக் கூடு, அதில் மூன்று முட்டை. "உங்களுக்கு ஒரு செலவும் இல்லக்கா. நாளைக்கே அழிச்சிடுங்க" என்றாள். டெஸ்டுக்கு முன்னால் ஓட்டுகிறவள் மனசு அமைதியாக இருக்க வேண்டும் என்பது பிரேக் அக்காவின் கொள்கை. பச்சைப் பொத்தான் வந்த இடத்தில் எல்லாம் அழுத்தினாள். எண் கேட்ட இடத்தில் எண்ணைப் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே ஆப்பை அழித்தாள். அழித்தது நன்றாக நினைவிருந்தது. கூட்டை அழுத்திப் பிடித்ததும் அது நடுங்கியதுகூட.

அந்தப் பெண் டெஸ்டில் தேறிவிட்டாள். பிறகு வரவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் வண்டியை மைதானத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு, இரண்டு வருஷக் கட்டைச் செகண்ட் கியர் சாரிடம் கொடுத்தாள். சிட்டுக்கூட்டை மறுபடி போனில் இறக்கி, எண்ணைப் போட்டுத் திறந்தும் வைத்திருந்தாள். கூட்டில் மூன்று முட்டையும் அப்படியே இருந்தன.

"ஆப்பை அழிச்சா நின்னுடும்னு நெனச்சேன் சார்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. ஓடுற வண்டியில ஜன்னல் கண்ணாடியை ஏத்தி விட்டா சத்தம் கேக்காது. வண்டி நிக்குமா? அனுமதி வங்கியில இருக்கு. அதை வங்கியில நிறுத்தணும், ஆப்புலயும் கணக்கை மூடணும். ரெண்டும்." கட்டைப் புரட்டினார். "இதோ, ஒண்ணு. நான் சொன்ன சின்னத் தொகை. அப்புறம் ஐந்நூறு பன்னிரண்டு தடவை... இல்ல, பதினொண்ணு. முதல் மாசம் நாற்பத்தொன்பது இல்ல, இலவசமா விட்டிருக்கான். மீதி பதினோரு மாசமும் எடுத்திருக்கான்."

விரல் ஓர் இடத்தில் நின்றது. அங்கே இருநூற்றைம்பது என்று ஒரு வரி இருந்தது.

"இது என்ன சார்? இதுவும் அவங்களா?"

செகண்ட் கியர் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது அவங்க இல்ல மேடம். நாங்க. அந்த மாசம் உங்க கணக்குல ஐந்நூறு இல்ல. கேட்டு வந்த பணம் திரும்பிப் போச்சு. திரும்பிப் போனதுக்கு வங்கி போட்ட அபராதம்."

"பணம் இல்லாததுக்குப் பணமா?"

"ஆமா" என்றார் அவர். வேறு என்ன சொல்வார்?

தாளின் பின்பக்கத்தில் அவரே கணக்கைப் போட்டார். மொத்தம் வெளியே போனது ஆறாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. ஆப்பில் அவள் பெயரில் இன்றைய மதிப்பு ஐயாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. "நானூத்தி எழுபத்தெட்டு நஷ்டம். திருட்டு இல்ல மேடம். சந்தோஷப்படுங்க."

அவள் சந்தோஷப்படவில்லை. திருட்டாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. பணம் போனால் போனதோடு முடிந்திருக்கும். "என் கொழுந்தனை வீட்டை விட்டு அனுப்பிட்டேன் சார் இதுக்காக" என்றாள்.

சார் தாள் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். இது அவர் பிரிவில் வரும் விஷயம் இல்லை. "கிளம்பலாமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அவர் மூன்றாவது கியர் போட்டார். அதை அவளும் கவனிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டயர் கடை பூட்டியிருந்தது. பக்கவாட்டில் இரும்புப் படி. மேலே கதவு திறந்துதான் இருந்தது. கொழுந்தன் ஜன்னலோரம் ஒரு சிறு மேசையில் யாருடைய போனையோ பிரித்து வைத்து, இடுக்கியால் எதையோ தூக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"வேலையா?" என்றாள்.

"எதிர்க் கடையில ரிப்பேர் குடுக்குறாங்க அண்ணி. ஒரு போனுக்கு இவ்வளவுன்னு."

வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு நேராகச் சொன்னாள். "அந்தப் பணம் நீ எடுக்கல. நான்தான். போன வருஷம் டெஸ்டுக்கு வந்த ஒரு பொண்ணுக்காக என் கையாலேயே அழுத்தியிருக்கேன். அழிச்சதும் போயிடுச்சுன்னு விட்டுட்டேன்."

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "போயிடுச்சுன்னு விட்டுட்டீங்களா? அப்ப நீங்க சேத்து வைக்கலையா?"

"எதை?"

"சிட்டுக்கூடு. உங்க சிறுவாடு."

அவளுக்குப் புரியவில்லை. அவன் இடுக்கியை மேசையில் வைத்தான்.

"போன் மாத்தினப்ப செய்தியெல்லாம் கண்ணுல பட்டுச்சு அண்ணி. 'உங்கள் மாத முதலீடு ஐந்நூறு சேர்ந்தது, சிட்டுக்கூடு'ன்னு அஞ்சாறு இருந்துச்சு. ஆப்பு இல்ல, செய்தி மட்டும் இருக்கு. சரி, அண்ணி அண்ணனுக்குத் தெரியாம ஒதுக்கி வைக்கிறாங்க, அதுக்குத்தான் ஆப்பை எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். அண்ணன் உங்க போன்ல மணி பாப்பாரு இல்ல? அவர் கண்ணுல படக்கூடாதுன்னு அந்தச் செய்தியெல்லாம் மேல வராதபடி நான்தான் ஒதுக்கி வச்சேன்."

பிரேக் அக்கா தன் போனை எடுத்துக் கொடுத்தாள். அவன் மூன்று இடத்தில் தொட்டான். மறைந்திருந்த செய்திகள் வரிசையாக வந்தன. ஏழாம் தேதி, ஏழாம் தேதி, ஏழாம் தேதி. ஒன்றுகூட அவள் திறந்து பார்த்ததில்லை.

"அன்னைக்குச் சாப்பிடறப்ப ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுறது? அண்ணன் பக்கத்துல உக்காந்திருக்காரு. நீங்களே தாளை எடுத்து வைக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் புரியல. லோன்காரன் கேட்டுட்டான், அண்ணனும் பாத்துட்டாரு, அதனால சமாளிக்க என்மேல போடுறீங்கன்னு நெனச்சேன்."

"உன்மேல போடுறேன்னு தெரிஞ்சும் சும்மாவா இருந்தே?"

"ஏழு மாசம் சோறு போட்டிருக்கீங்க." அவன் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குத்தியும் சொல்லவில்லை. "நான் எப்படியும் கிளம்ப வேண்டியவன்தானே அண்ணி. இது ஒரு சாக்கு."

கீழே தெருவில் யாரோ டயர் கடைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிரேக் அக்கா கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அப்படி நெனைக்கல தம்பி. நிஜமாவே நீதான் எடுத்தேன்னு நெனச்சேன். அதுதான் உண்மை."

"அதுவும் சரிதான்" என்றான் அவன், இடுக்கியை மறுபடி கையில் எடுத்து. இரண்டில் எது அவனுக்கு அதிகமாக வலித்தது என்று முகத்தில் தெரியவில்லை.

திரும்பி வீட்டுக்கு வா என்று கூப்பிட்டாள். இங்கேயே வசதியாக இருக்கிறது என்றான். பொய் என்று சொல்லவும் முடியாது. ஜன்னலில் காற்று வந்தது, எதிரில் வேலை இருந்தது. அந்த ஐயாயிரத்து எண்ணூறை எடுத்துத் தருகிறேன், ரிப்பேர் சாமான் வாங்கிக்கொள் என்றாள். அதற்கு மட்டும் கையை ஆட்டினான். "வேண்டாம் அண்ணி. உங்க பேருல சேந்தது. இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரேன்."

அன்றைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

வங்கியில் அனுமதியை நிறுத்த ஒரு படிவம், ஒரு கையெழுத்து, இரண்டு வேலை நாள். ஆப்பில் நாற்பத்தொன்பது கேட்கும் திட்டத்தை மூட, வேண்டாம் என்று நான்கு இடத்தில் அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் நிஜமாகவா என்று கேட்டது. கொழுந்தன் போனிலேயே வழி சொன்னான். போட்டது போட்டபடி கட்டணமில்லாமல் இருக்கட்டும் என்று விடவும் ஒரு வழி இருந்தது. அதை அழுத்தினாள். லோன்காரருக்கு நாலு வரியில் எழுதிக் கொடுத்தாள். அவர் படிக்காமலே கோப்பில் குத்தி வைத்தார். மூன்றாவது வாரம் கடன் வந்தது. செகண்ட் கியர் சார் முதல் டெஸ்டில் தவறி இரண்டாவதில் தேறினார்.

வீட்டுக்காரரிடம் அவள் கொழுந்தனைப் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டாள். மாடியிலிருந்து இறங்கி வந்த சூட்டோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல். "தம்பி எடுக்கல. நான்தான் தெரியாம ஒரு ஆப்புல மாட்டிக்கிட்டேன், ஆறாயிரத்துச் சொச்சம் போயிருக்கு. வீணா அவனைச் சொல்லிட்டேன்."

அவர் பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் கிரீஸ். "அவன் எடுக்கமாட்டான்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீ கோவத்துல இருந்தே."

அவளுக்கு மறுபடி கோபம் வந்தது. ஆனால் யார் யாரைக் கேட்பது? அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. அவளுக்காக வாயைத் திறக்காமல் இருந்தே அவளை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள்.

"போன பணம் போகட்டும் விடு" என்றார் அவர், வெளியிலிருந்தே. "ஆறாயிரம்தானே. ஒரு பாடம்னு நெனச்சுக்கோ."

பணம் போகவில்லை, அப்படியே இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். 'உங்க சிறுவாடு' என்று கொழுந்தன் சொன்னது நினைவுக்கு வந்தது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆமா" என்றாள். "போகட்டும்."